சர்க்கரை வேதியியலின் வரலாறு – 17: விதைப் புரதங்களின் கிளைச்சங்கிலி

சோயா, ராஜ்மா, நிலக்கடலை, ஆமணக்கு போன்ற விதைகளில் சேர்ந்திருக்கும் புரதங்கள் பலவற்றில் ஒரு சர்க்கரைச் சங்கிலி தொங்குகிறது. செல்லின் எண்டோபிளாச வலையில் புரதம் உருவாகும்போதே, அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தில் அது மாட்டப்பட்டுவிடும். எல்லா அஸ்பராஜினுக்கும் அந்தத் தகுதி இல்லை. அதிலிருந்து இரண்டாவது இடத்தில் செரீனோ திரியோனீனோ இருந்தாக வேண்டும். சங்கிலியின் எடை பெரும்பாலும் புரதத்தின் எடையில் சில விழுக்காடுதான். அந்தச் சிறு பங்கின் அமைப்பைப் பிழையில்லாமல் எழுதிமுடிக்க, 1966இல் தொடங்கிய வேலை ஏறத்தாழ 25 ஆண்டு நீண்டது.

இவ்வளவு காலம் பிடித்ததற்குக் காரணம் சர்க்கரையின் இயல்பிலேயே இருக்கிறது. அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வகைப் பிணைப்பில் கோக்கப்படுகின்றன. வரிசையைச் சொல்லிவிட்டால் புரதத்தின் முதனிலை அமைப்பைச் சொன்னதாகிவிடும். சர்க்கரையில் அப்படி இல்லை. ஒரு மானோசை இன்னொரு மானோசின் 2, 3, 4, 6 ஆகிய எந்தக் கார்பனிலும் இணைக்கலாம். ஒவ்வொரு இணைப்பும் ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு திசைகளில் ஒன்றில் அமையும். ஒரே மானோசின் மேல் இரண்டு மூன்று சர்க்கரைகள் ஏறிக் கிளைபிரியவும் தடையில்லை. ஆறு சர்க்கரைகள் கொண்ட ஒரு சங்கிலிக்கு எத்தனை அமைப்புகள் சாத்தியம் என்று ரோஜர் லெய்ன் 1994இல் கணக்கிட்டார். விடை ஒரு லட்சம் கோடிக்கும் மேல். ஆகவே சங்கிலியின் அமைப்பைக் கண்டறிவது என்றால் ஆறு கேள்விகளுக்கு விடை தேவை: எந்தெந்தச் சர்க்கரை, எத்தனை, எந்த வரிசையில், எந்தக் கார்பன் வழியாக, ஆல்ஃபாவா பீட்டாவா, புரதத்தின் எந்த இடத்தில். எந்த ஒரு முறையும் தனித்து நின்று ஆறுக்கும் விடை தரவில்லை. ஒவ்வொரு முறைக்கும் ஒரு குருட்டுப் புள்ளி இருந்தது. விதைச் சங்கிலிகளைப் பற்றி அந்தந்தக் காலத்தில் நிலவிய தவறான முடிவுகளில் பல அந்தக் குருட்டுப் புள்ளிகளிலிருந்தே பிறந்தவை.

விதைப் புரதங்கள் ஆய்வுக்கு வந்தது சர்க்கரைக்காக அல்ல. இன்றைய எஸ்தோனியாவின் டார்ட்டு நகரம் அப்போது டோர்பாட் எனப்பட்டது. அங்கே ஹெர்மான் ஸ்டில்மார்க் 1888இல் ஆமணக்கு விதையிலிருந்து ரிசின் என்ற நச்சுப் புரதத்தைப் பிரித்து, அது சிவப்பணுக்களைத் திரளவைப்பதைக் காட்டினார். 1919இல் ஜேம்ஸ் சம்னர் வாளவரை விதையிலிருந்து கான்கனாவலின்-ஏ என்ற புரதத்தைப் படிகமாக்கினார். இர்வின் லீனர் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1950களின் தொடக்கத்தில் சோயாவின் திரட்டுப் புரதத்தைத் தூய்மைப்படுத்தினார். பச்சைச் சோயா தின்ற விலங்குகள் ஏன் சரியாக வளர்வதில்லை என்பதே அவருடைய கேள்வி. இரத்த அணுக்களின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் இந்தப் புரதங்களுக்குப் பின்னர் லெக்டின் என்ற பொதுப்பெயர் ஏற்பட்டது. பிற செல்களின் சர்க்கரையைப் பிடிக்கும் இவற்றின் மேலேயே ஒரு சர்க்கரை ஒட்டியிருக்கும் என்று அப்போது யாரும் தேடவில்லை.

விலங்குப் புரதங்களில் நிலைமை சற்று முன்னேறியிருந்தது. கோழிமுட்டையின் வெண்கருப் புரதத்தில் சர்க்கரை வேதிப்பிணைப்பால் ஒட்டியிருக்கிறது என்று ஆல்பர்ட் நியூபெர்கர் 1938இலேயே காட்டியிருந்தார். ஒட்டும் இடம் அஸ்பராஜின், ஒட்டும் சர்க்கரை என்-அசிட்டைல் குளுக்கோசமீன் என்பது 1960களின் தொடக்கத்தில் உறுதியானது. தாவரப் புரதத்துக்கு இதே வாதத்தை நீட்டுவதில் ஒரு நடைமுறைச் சங்கடம் இருந்தது. விதைச்சாறு முழுக்க சர்க்கரை. மாவுப்பொருள், செல்சுவர்த் துணுக்குகள், தனிச் சர்க்கரைகள் எல்லாம் புரதத்தோடு கூடவே வரும். தூய்மையாக்கிய புரதத்தில் கொஞ்சம் சர்க்கரை தென்பட்டால் சரியாகக் கழுவவில்லை என்றே எவரும் முதலில் நினைப்பார்கள். அந்த நினைப்பில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. பல நேரங்களில் அதுவே உண்மையாகவும் இருந்திருக்கும்.

இந்த ஐயத்தைத் தீர்த்தது இஸ்ரேலின் ரெஹோவோத்திலுள்ள வைஸ்மன் நிறுவனத்தில் நடந்த வேலை. ஹலினா லிஸ், நேதன் ஷாரோன், எஃப்ரைம் கட்சால்ஸ்கி மூவரும் சோயாத் திரட்டுப் புரதம் ஒரு கிளைக்கோபுரதம் என்று 1966இல் அறிவித்தார்கள். (கட்சால்ஸ்கி பின்னர் கட்சிர் என்று பெயரை மாற்றிக்கொண்டு 1973இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார், ஆய்வுக்கூடத்திலிருந்து அந்தப் பதவிக்குப் போனவர்கள் உலகில் அதிகம் இல்லை.) அவர்களின் வழி நேரடியானது. புரதத்தைச் செரிக்கும் நொதிகளால் அதை அமினோ அமிலங்களாகச் சிதைத்தார்கள். சர்க்கரை வெறும் அழுக்காக ஒட்டியிருந்தால் அது தனியே பிரிந்து போயிருக்க வேண்டும். அப்படிப் போகவில்லை. அளவின்படி பிரிக்கும் பத்தியில் இறக்கியபோது, சர்க்கரை முழுவதும் ஒரு சில அமினோ அமிலங்களோடு ஒட்டியே வெளிவந்தது. அதிலிருந்த சர்க்கரைகள் இரண்டே: மானோஸ், என்-அசிட்டைல் குளுக்கோசமீன்.

ஒட்டு எங்கே என்பது அடுத்த கேள்வி. செரீன், திரியோனீன் ஆகியவற்றின் ஆக்சிஜனில் ஒட்டிய சர்க்கரை மென்காரத்தில் கழன்றுவிடும். அஸ்பராஜினின் நைட்ரஜனில் ஒட்டியது கழலாது. சோயாச் சங்கிலி இரண்டாவது வகை. அமிலத்தில் பகுதியளவு சிதைத்து, கடைசியில் எஞ்சும் இணைப்புத் துண்டைத் தனியே எடுத்து, வேதிமுறையில் தயாரித்த சேர்மத்தோடு ஒப்பிட்டு, அது அஸ்பராஜினும் என்-அசிட்டைல் குளுக்கோசமீனும் சேர்ந்த இணைதான் என்று 1969இல் காட்டினார்கள். கோழிமுட்டைக்கும் சோயாவுக்கும் ஒட்டு ஒன்றே.

மீதமிருந்தது நடுப்பகுதி. சோயாப் புரதம் நான்கு துணையலகுகளால் ஆனது. ஒவ்வொன்றின் மூலக்கூறு எடை சுமார் 30,000, ஒவ்வொன்றிலும் ஒரு சங்கிலி. சங்கிலியில் ஒன்பது மானோஸ், இரண்டு என்-அசிட்டைல் குளுக்கோசமீன். ஒன்பது மானோசும் எந்தக் கிளையில் எப்படி நிற்கின்றன என்பதற்கு மெத்திலேற்றப் பகுப்பாய்வுதான் அப்போதைய முதன்மைக் கருவி. அதன் வேர் பழையது. ஸ்காட்லாந்தில் தாமஸ் பர்டி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்ததை வால்டர் ஹாவர்த் வளர்த்தார். சென்-இதிரோ ஹகோமோரி 1964இல் வெளியிட்ட செய்முறை, நாள்கணக்கில் இழுத்த மெத்திலேற்றத்தை ஒரே படியில் முடித்துத் தந்தது. விளைபொருள்களை வளிம வண்ணப்பகுப்பாலும் நிறை நிறமாலையாலும் அடையாளம் காணும் வழியை ஸ்டாக்ஹோமில் பெங்ட் லிண்ட்பெர்கின் குழு வகுத்தது.

சுவரில் மாட்டிய படங்களைக் கழற்றாமல் வெள்ளையடித்து, பிறகு படங்களை எடுத்தால் எங்கெங்கே படம் இருந்தது என்று தெரியும். முறையின் கருத்து அதுதான். சங்கிலியில் இணைப்புக்குப் போகாத எல்லா ஹைட்ராக்சில் தொகுதிகளிலும் மெத்தில் ஏற்றப்படும். பிறகு அமிலத்தில் சங்கிலி உடைக்கப்படும். உடைந்த ஒவ்வொரு சர்க்கரையிலும் மெத்தில் ஏறாத இடமே இணைப்பு இருந்த இடம். 2, 3, 4, 6 ஆகிய நான்கிலும் மெத்தில் ஏறிய மானோஸ் கிளையின் நுனியில் இருந்தது. 3, 4, 6 மட்டும் ஏறியிருந்தால் அதன் இரண்டாவது கார்பனில் இன்னொரு சர்க்கரை உட்கார்ந்திருந்தது. 2, 4 மட்டும் ஏறியிருந்தால் 3, 6 இரண்டிலும் கிளை பிரிந்திருந்தது.

ஒன்பது மானோஸ் சங்கிலியை இப்படி உடைத்தால் நுனி மானோஸ் மூன்று, இரண்டாம் கார்பன் இணைப்புள்ளவை நான்கு, கிளைமுனை இரண்டு கிடைக்கும். கணக்கு சரியாக வருகிறது. ஆனால் படம் முழுமையாகவில்லை. கிளைமுனை இரண்டு, நுனி மூன்று என்றால் கிளைகள் மூன்று என்று தெரிகிறது. நடுவிலுள்ள நான்கு மானோசும் அந்த மூன்று கிளைகளில் எப்படிப் பங்கிடப்பட்டுள்ளன? இரண்டு, ஒன்று, ஒன்று என்றா? எந்தக் கிளைக்கு இரண்டு? ஒன்றில் மூன்றும் இன்னொன்றில் ஒன்றும் இருந்து மூன்றாவது வெறுமையாக நின்றாலும் மெத்தில் கணக்கு மாறாது. இந்த முறை எண்ணிக்கையைத் தரும், முகவரியைத் தராது.

முகவரி தேடி ஆய்வாளர்கள் நொதிகளிடம் போனார்கள். சங்கிலியை நுனியிலிருந்து ஒவ்வொரு சர்க்கரையாகக் கொறிக்கும் நொதிகளுக்குத் தேர்வுத்திறன் உண்டு. ஆல்ஃபா இணைப்பை வெட்டுவது பீட்டாவைத் தொடாது. மானோசை வெட்டும் நொதிக்கு மிகச் சிறந்த மூலம் வாளவரை மாவு. அதிலிருந்து ஆல்ஃபா-மானோசிடேசையும் வேறு பல சர்க்கரை வெட்டிகளையும் யூ-தே லீ 1960களின் பிற்பாதியில் தூய்மைப்படுத்தினார். சங்கிலிகளைக் கலவையிலிருந்து பொறுக்கியெடுக்க கான்கனாவலின்-ஏ ஏற்றிய பத்திகள் பயன்பட்டன. மானோஸ் மிகுந்த சங்கிலிகள் அதில் ஒட்டிக்கொள்ளும். அதுவும் வாளவரைப் புரதமே. விதைச் சங்கிலி ஆய்வின் கருவிப்பெட்டியில் பாதியை விதைகளே நிரப்பின. நுண்ணுயிரிகளின் பங்கும் இருந்தது. சங்கிலியின் அடிவாரத்தில், புரதத்தை ஒட்டியுள்ள இரண்டு குளுக்கோசமீன்களுக்கு நடுவே வெட்டும் எண்டோ-எச் என்ற நொதி, ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவிலிருந்து 1970களில் வந்துசேர்ந்தது.

இந்தக் கருவிகளைக் கொண்டு லிஸும் ஷாரோனும் 1978இல் சோயாச் சங்கிலியின் முழு அமைப்பை முன்மொழிந்தார்கள். மூன்றே ஆண்டில் அது மறு ஆய்வுக்கு வந்தது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ஃப்ளீகென்டார்ட்டின் குழு, சங்கிலியை உடைக்காமலேயே புரோட்டான் அணுக்காந்த ஒத்திசைவால் படிக்கும் முறையை வளர்த்திருந்தது. சங்கிலியைக் கன நீரில் கரைத்து வலிய காந்தப்புலத்தில் வைத்தால் ஹைட்ரஜன்கள் ஒவ்வொன்றும் தன் சுற்றுப்புறத்துக்கேற்ற இடத்தில் குறி தரும். பெரும்பாலானவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மொத்தையாகத் தெரியும், அவற்றால் பயனில்லை. ஒவ்வொரு சர்க்கரையின் முதற்கார்பனில் இருக்கும் ஹைட்ரஜனும், மானோசின் இரண்டாம் கார்பனில் இருப்பதும் கூட்டத்தை விட்டு விலகி நிற்கும். அந்தச் சிலவற்றை மட்டும் படித்து, அமைப்பு தெரிந்த சங்கிலிகளோடு ஒப்பிட்டால் போதும் என்பதே உட்ரெக்ட் குழுவின் நுட்பம்.

மெத்தில் கணக்கு விட்ட இடத்தை இது நேராகத் தொட்டது. இரண்டாம் கார்பன் இணைப்புள்ள நான்கு மானோசும் மெத்திலேற்றத்தில் ஒரே பொருளாகவே தெரிந்தன. ஒத்திசைவிலோ அவற்றின் முதற்கார்பன் ஹைட்ரஜன்கள் ஏறக்குறைய 5.40, 5.33, 5.30, 5.14 பிபிஎம் என்று நான்கு வெவ்வேறு இடங்களில் குறி தருகின்றன. நுனி மானோஸ் மூன்றும் 5.05 அருகே நெருங்கி நிற்கின்றன. எந்த மானோஸ் எந்தக் கிளையில் இருக்கிறது என்பது இந்த இடவேறுபாட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இந்த முறைக்கும் குறை உண்டு. குளுக்கோஸ் வகைச் சர்க்கரைகளில் ஆல்ஃபாவையும் பீட்டாவையும் குறியின் பிளவு அகலமே சொல்லிவிடும். மானோசில் இரண்டுக்கும் பிளவு சிறிது. போதாக்குறைக்கு, அடிவாரத்து பீட்டா-மானோசின் குறி நீரின் பெருங்குறிக்கு அருகே விழுந்து மறைந்துகொள்ளும்.

டோர்லண்ட், வான் ஹால்பேக், ஃப்ளீகென்டார்ட், லிஸ், ஷாரோன் ஆகியோரின் கட்டுரை 1981இல் வந்தது. பழைய முடிவை முன்வைத்தவர்களே மறு ஆய்வில் பங்குதாரர்களாக இருந்ததைக் கவனிக்க வேண்டும். கிடைத்த அமைப்பில் நடு மானோஸ் நான்கும் இரண்டு, ஒன்று, ஒன்று என்று பிரிந்திருந்தன. இரண்டு இருந்தது, அடிவாரத்து மானோசின் மூன்றாம் கார்பனிலிருந்து கிளம்பும் கிளை. விலங்குகளின் மானோஸ் மிகுந்த சங்கிலியும் அச்சொட்டாக இதேதான். அதற்குள் விலங்குச் செல்களில் இச்சங்கிலி எப்படிப் பிறக்கிறது என்பது துலங்கியிருந்தது: மூன்று குளுக்கோஸ், ஒன்பது மானோஸ், இரண்டு என்-அசிட்டைல் குளுக்கோசமீன் கொண்ட ஆயத்தச் சங்கிலி ஒன்று கொழுப்பு மூலக்கூறில் கட்டப்பட்டு, முழுதாகப் புரதத்துக்கு மாற்றப்படுகிறது; பிறகு குளுக்கோஸ் மூன்றும் நீங்குகின்றன. சோயாவில் எஞ்சியிருப்பது அந்த ஆயத்தச் சங்கிலியின் உடலே. தாவரமும் விலங்கும் பிரிவதற்கு முன்பே இந்த ஏற்பாடு இருந்திருக்க வேண்டும்.

தாவரத்துக்கே உரிய சங்கிலி வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. அன்னாசித் தண்டிலுள்ள புரோமிலைன் என்ற புரதம் பிளக்கும் நொதியில் மானோஸ், குளுக்கோசமீன் தவிர சைலோசும் ஃபியூகோசும் இருந்தன. சைலோஸ் என்றால் மரச்சர்க்கரை. செல்சுவரின் சாதாரண உறுப்பு. புரதச் சங்கிலியில் அதற்கு இடமுண்டு என்று ஒப்புக்கொள்ள எவருக்கும் தயக்கம் இருக்கும். எண்டோ-எச் இந்தச் சங்கிலியை வெட்டவும் இல்லை.

வெட்டும் கருவி கிடைத்தது பாதாம் பருப்பில். கசப்புப் பாதாமிலுள்ள அமிக்டலினைச் சிதைக்கும் எமல்சின் என்ற பொருளை லீபிகும் வோலரும் 1837இலேயே விவரித்திருந்தார்கள். நொதியியலின் மிகப் பழைய பெயர்களில் அது ஒன்று. நகோயாவில் நோரிகோ தகஹாஷி 1977இல் அதே எமல்சினுக்குள் யாரும் எதிர்பாராத ஒரு செயலைக் கண்டார். சர்க்கரைக்கும் அஸ்பராஜினுக்கும் நடுவிலுள்ள அமைடு பிணைப்பையே அது அறுத்தது. சங்கிலி முழுதாகக் கழன்று வந்தது. அஸ்பராஜின் இருந்த இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் எஞ்சியது. அதுவரை சங்கிலியைப் புரதத்திலிருந்து எடுக்க ஒன்று புரதத்தை அழிக்க வேண்டும், அல்லது ஹைட்ரசின் போன்ற கடுமையான வேதிப்பொருளைக் கொண்டு அறுக்க வேண்டும். அந்த நிர்ப்பந்தம் இனி இல்லை.

இந்த நொதியின் துணையோடு இஷிஹாரா, தகஹாஷி, ஓகுரி, தெஜிமா ஆகியோர் 1979இல் புரோமிலைன் சங்கிலியின் அமைப்பை வெளியிட்டார்கள். சைலோஸ் அடிவாரத்து பீட்டா-மானோசின் இரண்டாம் கார்பனில் பீட்டாவாக நின்றது. ஃபியூகோஸ், புரதத்தை ஒட்டிய முதல் குளுக்கோசமீனின் மூன்றாம் கார்பனில் ஆல்ஃபாவாக நின்றது. பாலூட்டிகளின் சங்கிலியிலும் அதே குளுக்கோசமீனில் ஃபியூகோஸ் வரும், ஆனால் ஆறாம் கார்பனில். சைலோஸ் வரவே வராது. உட்ரெக்ட் குழு 1986இல் 500 மெகாஹெர்ட்ஸ் கருவியில் புரோமிலைனை மீண்டும் படித்து மைய அமைப்பை நிலைநிறுத்தியது. அந்தப் பத்தாண்டில் பல தாவரப் புரதங்களில் இதே மையம் திரும்பத் திரும்ப வெளிப்பட்டது.

பாதாம் நொதி விலையுயர்ந்தது; முழுப் புரதத்தின் மேல் அவ்வளவாக வேலை செய்யாது, முதலில் புரதத்தைத் துண்டாக்கித் தர வேண்டும். 1984இல் ஃப்ளேவோபாக்டீரியத்திலிருந்து பிஎன்ஜி-எஃப் என்ற நொதி வந்ததும் ஆய்வுக்கூடங்கள் அதற்கு மாறின. முழுப் புரதத்திலிருந்தே அது சங்கிலியை அறுத்தது. விலங்குப் புரதங்களுக்கு அதைவிடச் சிறந்த கருவி இல்லை. தாவரப் புரதங்களில் அது சிலவற்றை அறுத்தது, சிலவற்றைத் தொடவே இல்லை. காரணத்தை வியன்னாவில் ட்ரெட்டர், ஆல்ட்மான், மெர்ஸ் மூவரும் 1991இல் தெளிவாக்கினார்கள்: முதல் குளுக்கோசமீனின் மூன்றாம் கார்பனில் ஃபியூகோஸ் இருந்தால் பிஎன்ஜி-எஃப் வெட்டாது. பாதாம் நொதி வெட்டும். பிஎன்ஜி-எஃபை மட்டும் நம்பி விதைப் புரதத்தைச் சோதித்தவருக்கு, சங்கிலி இருந்தும் இல்லாததுபோலத் தெரியும். கலவையாக இருந்தால் மானோஸ் மிகுந்த வகை மட்டும் கைக்கு வரும். தாவரத்தின் தனி அடையாளமே கண்ணில் படாமல் போகும் ஏற்பாடு இது. இந்த ஒற்றைச் செய்தி 1980களின் பல முடிவுகளை வேறு கண்ணோடு படிக்கவைக்கிறது.

அறுத்தெடுத்த சங்கிலிகளைப் பிரித்து அடையாளம் காண்பதில் ஜப்பானியக் குழுக்கள் முன்னணியில் நின்றன. ஒசாகாவில் சுமிஹிரோ ஹாசேயும் சகாக்களும் 1978இல் கொண்டுவந்த முறையில், சங்கிலியின் ஒடுக்கும் முனையில் 2-அமினோபிரிடின் ஒட்டப்படுகிறது. சர்க்கரைக்குத் தானாக ஒளிரும் குணம் கிடையாது. இந்த ஒட்டுக்குப் பிறகு 320 நானோமீட்டர் ஒளியில் அது 400இல் ஒளிரும். ஒத்திசைவுக்கு மில்லிகிராம் கணக்கில் பொருள் கேட்ட இடத்தில், உயரழுத்தத் திரவ வண்ணப்பகுப்பில் பிகோமோல் அளவே போதுமானதாயிற்று. நகோயாவில் தகஹாஷியின் குழு 1988இல் இதை ஒரு வரைபட முறையாக்கியது. ஒரே சங்கிலியை இரண்டு வகைப் பத்திகளில் ஓட்டி, அது வெளிவரும் நேரத்தைக் குளுக்கோஸ் அலகாக மாற்றி, ஒன்றைக் கிடை அச்சிலும் மற்றதை நெடு அச்சிலும் குறிப்பார்கள். ஏற்கெனவே தெரிந்த சங்கிலி எதன் புள்ளியோடு பொருந்துகிறதோ அதுவே விடை. வசதியான முறை. பட்டியலில் இல்லாத புதிய சங்கிலி வந்தால் வரைபடம் கைவிரித்துவிடும். மறுபடி மெத்திலேற்றத்துக்கும் ஒத்திசைவுக்கும் போயாக வேண்டும்.

ஆமணக்கின் ரிசினுக்கு இந்த ஒளிரும் ஒட்டு கைகொடுத்தது. ஸ்டில்மார்க் அதைப் பிரித்தெடுத்துச் சரியாக ஒரு நூற்றாண்டு கழிந்து, 1988இல் யோஷினோபு கிமுராவும் ஹாசே, இகெனாகா, ஃபுனாட்சு உள்ளிட்ட சகாக்களும் ரிசின்-டியின் சங்கிலிகளை வெளியிட்டார்கள். மானோஸ் மிகுந்தவையும் சைலோஸ்-ஃபியூகோஸ் மையம் கொண்டவையும் ஒரே நச்சில் இருந்தன. இந்தச் சங்கிலிகளுக்கு மருத்துவ முக்கியத்துவமும் இருந்தது. ரிசினின் நச்சுப்பகுதியை எதிர்ப்பொருளோடு இணைத்துப் புற்றுச்செல்லைக் கொல்ல முயன்றவர்களின் மருந்து, உடலில் ஏற்றியதும் கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்தது. மானோசைப் பிடிக்கும் ஏற்பிகள் கல்லீரலில் நிறைய உண்டு. சங்கிலியை வேதிமுறையில் சிதைத்த நச்சுப்பகுதியைப் பயன்படுத்தியபோது இரத்தத்தில் அது நீண்ட நேரம் தங்கியது.

புரதத்தின் எந்த இடத்தில் எந்தச் சங்கிலி என்ற கேள்வியைக் கூர்மையாக எடுத்துக்கொண்டவர் சான் டியேகோவில் இருந்த மார்ட்டன் கிரிஸ்பீல்ஸ். அவர் கையாண்டது ராஜ்மா விதை. அதன் திரட்டுப் புரதமான பைட்டோஹீமக்ளுட்டினினில் இரண்டு சங்கிலிகள். 12ஆம் இடத்து அஸ்பராஜினில் மானோஸ் மிகுந்தது, 60ஆம் இடத்தில் சைலோசும் ஃபியூகோசும் கொண்டது என்று ஸ்டுர்மும் அவரும் 1986இல் காட்டினார்கள். இரண்டும் ஒரே ஆயத்தச் சங்கிலியாகவே பிறந்தவை, செல்லுக்குள் சங்கிலிகளைத் திருத்தும் ஒரே கோல்கை உடலத்தின் வழியாகவே போனவை. ஒன்று ஏன் திருத்தப்பட்டது, மற்றது ஏன் தப்பியது? புரதம் மடிந்த பிறகு 12ஆம் இடத்துச் சங்கிலி அதன் பரப்போடு ஒடுங்கிக் கிடக்கிறது. கோல்கையின் நொதிகள் அதை எட்ட முடிவதில்லை. 60ஆம் இடத்தது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. புரதத்தைச் சிதைவுறச் செய்து மடிப்பைக் குலைத்தால், முன்பு எட்டாத சங்கிலியையும் நொதி வெட்டியது. ஆக, சங்கிலியின் இறுதி வடிவத்தை அது ஏறிய புரதத்தின் மடிப்பே தீர்மானிக்கிறது. ராஜ்மாவின் சேமிப்புப் புரதமான ஃபேசியோலினிலும் 252, 341 ஆகிய இரு இடங்களை வைத்து இதே குழு உட்ரெக்டோடு சேர்ந்து 1987இல் இதேபோன்ற முடிவுக்கு வந்தது.

வாளவரை வேறொரு வியப்பை வைத்திருந்தது. கான்கனாவலின்-ஏயில் சர்க்கரை கிடையாது. சர்க்கரைப் பத்திகளுக்கு அது உகந்ததாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் முதிராத விதையில் அதன் முன்னோடிப் புரதத்தில் சங்கிலி இருக்கிறது என்பது 1985 வாக்கில் தெரியவந்தது. விதை முதிரும்போது அந்தச் சங்கிலி நீக்கப்பட்டு, புரதம் வெட்டப்பட்டு, வெட்டிய துண்டுகள் இடம் மாறி மறுபடி ஒட்டப்படுகின்றன. முதிர்ந்த விதையை மட்டும் பார்த்தவருக்கு இந்தச் சங்கிலி ஒருபோதும் தெரிந்திருக்காது.

எரித்ரினா என்பது தமிழ்நாட்டில் வெற்றிலைக் கொடிக்காலிலும் வேலியோரத்திலும் நிற்கும் கல்யாண முருங்கையின் பேரினம். அதன் தென்னமெரிக்க உறவான எரித்ரினா கிரிஸ்டகல்லியின் விதை லெக்டினை, ஆக்ஸ்ஃபோர்டில் ரேமண்ட் டுவெக்கின் குழு ரெஹோவோத்தோடு சேர்ந்து 1987இல் ஆராய்ந்தது. முதன்மைச் சங்கிலி ஏழு சர்க்கரைகள் கொண்டது: குளுக்கோசமீன் இரண்டு, மானோஸ் மூன்று, சைலோஸ் ஒன்று, ஃபியூகோஸ் ஒன்று. மற்ற அவரையினத்து லெக்டின்களோடு ஒப்பிட்டபோது இந்த ஏழு சர்க்கரை மையம் பொதுவானது என்று தெரிந்தது. கோல்கையில் நுனிகளில் ஏற்றப்படும் குளுக்கோசமீன்கள் விதையின் சேமிப்பு வாக்குவோலை அடைந்த பின் வெட்டப்படுவதால் எஞ்சுவதே இந்தக் குறுகிய வடிவம்.

அதே பேரினத்தின் எரித்ரினா கோரல்லோடெண்ட்ரான் லெக்டினைப் போவாஸ் ஷானான், லிஸ், ஷாரோன் மூவரும் படிகமாக்கி, 1991இல் எக்ஸ்-கதிர் அமைப்பை வெளியிட்டார்கள். புரதப் படிகங்களில் சர்க்கரைச் சங்கிலி பொதுவாக ஆடிக்கொண்டே இருப்பதால் படத்தில் மங்கிப்போகும். முதல் ஒன்றிரண்டு சர்க்கரைகள் தெரிந்தாலே பெரிய காரியம். இங்கே 17ஆம் இடத்து அஸ்பராஜினில் ஏழு சர்க்கரைகளும் தெளிவாகத் தெரிந்தன. வேதியியலும் நொதிகளும் ஒத்திசைவும் துண்டுதுண்டாகச் சொன்னதை எலக்ட்ரான் அடர்த்தி ஒரே படத்தில் காட்டியது.

அந்தப் படம் ஒரு விளக்கத்தையும் தூண்டியது. மற்ற அவரையின லெக்டின்களில் இரண்டு துணையலகுகள் ஒரு குறிப்பிட்ட முறையில் பக்கம் சேர்ந்து இணையும். எரித்ரினாவில் இணைப்பு வேறு மாதிரி. வழியில் சங்கிலி நிற்பதால்தான் வழக்கமான இணைப்பு அமையவில்லை என்று ஷானான் குழு கருதியது. படத்தைப் பார்ப்பவர் எவரும் அப்படித்தான் நினைப்பார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சுகுணா, விஜயன், சுரோலியா உள்ளிட்டோர் இதைச் சோதித்தார்கள். பாக்டீரியாவில் உருவாக்கப்பட்ட எரித்ரினா லெக்டினில் சங்கிலி இருக்காது. அதைப் படிகமாக்கி 2004இல் அமைப்பை வெளியிட்டபோது, துணையலகுகள் முன்புபோல அதே வேறு மாதிரி முறையிலேயே இணைந்திருந்தன. இணைப்பின் காரணம் புரதத்தின் அமினோ அமில வரிசையிலேயே இருக்கிறது. சங்கிலிமேல் போட்ட பழி நிற்கவில்லை.

1990களில் நிறை நிறமாலை வேகம் பிடித்தபின் அன்றாட வேலை எளிதாயிற்று. ஆறு கார்பன் சர்க்கரை ஒன்று சங்கிலியின் எடையில் 162 கூட்டும், என்-அசிட்டைல் குளுக்கோசமீன் 203, ஃபியூகோஸ் 146, சைலோஸ் 132. சங்கிலி முனைகளிலுள்ள நீரின் எடையும் சேர்ந்து 1,188 என்ற எடை கண்டால் எரித்ரினாவின் ஏழு சர்க்கரைச் சங்கிலி, 1,882 கண்டால் சோயாவின் ஒன்பது மானோஸ் சங்கிலி என்று உடனே ஊகிக்கலாம். மானோஸ், குளுக்கோஸ், காலக்டோஸ் மூன்றுக்கும் 162தான் என்பதால் எடை மட்டும் எதையும் நிரூபிக்காது. முன்னோர் இருபத்தைந்து ஆண்டு உழைத்து நிறுவிய மையம் கையில் இருப்பதால்தான் இந்த ஊகம் பெரும்பாலும் பலிக்கிறது.

சைலோசும் மூன்றாம் கார்பன் ஃபியூகோசும் பாலூட்டிகளிடம் இல்லாததன் விளைவு ஒவ்வாமை மருத்துவத்தில் வெளிப்பட்டது. ஒரே நோயாளியின் ஐஜி-இ எதிர்ப்பொருள் காய்கறி, மகரந்தம், தேனீ நஞ்சு என்று தொடர்பே இல்லாத பொருள்களைப் பிடிப்பதை ஆம்ஸ்டர்டாமில் ராப் ஆல்பர்ஸியின் குழு 1981இல் கவனித்தது. பொதுக்காரணம் சர்க்கரை என்று அவர்கள் ஊகித்தது சரியாயிற்று. மூன்றாம் கார்பன் ஃபியூகோஸ் பூச்சிகளிடமும் உண்டு. தேனீ நஞ்சில் இருப்பது அதுவே. இந்தப் பிடிப்பில் சைலோசுக்கும் ஃபியூகோசுக்கும் பெரும்பங்கு உண்டு என்று அதே நகரில் ரொனால்ட் வான் ரே முதலானோர் 2000இல் நிறுவினார்கள். இந்த எதிர்ப்பொருள் இரத்தச் சோதனையில் ஏறித்தெரியும். ஆனால் அது உள்ள பலருக்கு நிலக்கடலை தின்றாலும் ஒன்றும் ஆவதில்லை. இதனால் பொய்யான நேர்முடிவுகள் வரும். அவற்றைப் பிரித்தறிய, ஒவ்வாமைச் சோதனைப் பட்டியல்களில் இப்போது புரோமிலைனிலிருந்து எடுத்த சர்க்கரைச் சங்கிலியே தனியொரு சோதனைப் பொருளாக இடம்பெறுகிறது. அதற்கும் நிலக்கடலைக்கும் சேர்ந்து நேர்முடிவு வந்தால், நிலக்கடலைப் புரதங்களைத் தனித்தனியே, சர்க்கரை ஏறாத வடிவில் வைத்து மறுபடி சோதிக்கிறார்கள்.